பள்ளி எதிரே புகையிலை விற்பனை: புகாரை எப்படி எழுதுவது?

குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளி. மகன் எட்டாம் வகுப்பு. போன வாரம் அவன் ஜாமெட்ரி பாக்ஸில், கோணமானிக்கு அடியில் மடித்து வைத்த புகையிலைப் பொட்டலம். கையெல்லாம் நடுங்கிவிட்டது எனக்கு. எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறோம். அந்த வாடை பிள்ளைகளுக்குப் பழகியது, அதனால்தான் இன்னும் பயம்.

விற்பது கேட் எதிரே உள்ள பெட்டிக்கடை. டேப் வைத்து அளந்தோம், 35 மீட்டர். 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) விற்கவே கூடாது.

ஜூனிலிருந்து அலைகிறோம். கடைக்காரரிடம் கெஞ்சினோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது. ஒருமுறை அபராதம் போட்டார்கள். நாலாம் நாளே மறுபடி விற்பனை.

பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுப்பதைக் குற்றமாக்கும் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் யாராவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? பிள்ளை பெயர் வெளியே வராமல் அதை எப்படி எழுதினீர்கள்?