ஆக்சஸ்() சரி என்கிறது, எஃப்ஓப்பன்() மறுக்கிறது: அவசரம்ங்க

பின்னல்_பையன் (திருப்பூர்):
வணக்கங்க. எம்ப்ராய்டரி டிசைன் ஃபைல்களைச் சர்வர் ஃபோல்டரில் எழுதும் சி புரோகிராம். முதலில் எழுத உரிமை இருக்கிறதா என்று ஆக்சஸ்(), டபிள்யூ_ஓகே போட்டுப் பார்க்கிறேன், 0 வருகிறது, அதாவது சரி. அடுத்த வரியில் ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பன்() நல் பாயிண்டர் தருகிறது, அதாவது திறக்கவில்லை. சொந்த டிஸ்க்கில் ஒழுங்காக ஓடுகிறது. ராத்திரி ஷிஃப்ட்டுக்குள் முடிக்கணும்.

சென்னிமலை_தறி:
எர்னோ (பிழை எண்) என்ன? 13ஆ (உரிமை இல்லை), 30ஆ (படிக்க மட்டுமேயான ஃபைல் சிஸ்டம்)? என்ன ஃபைல் சிஸ்டம், யாராக ஓட்டுகிறீர்கள்? ஒன்றுமே சொல்லலையேங்க.

கோபி_லினக்ஸ்:
சந்தேகமே வேண்டாம், ரூட்_ஸ்குவாஷ். ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிரும் முறை) சர்வர் உங்களை நோபடி, அதாவது தனி உரிமை இல்லாத யூசர், ஆக்கிவிடும்.

நொய்யல்கரை:
அப்படியானால் ஆக்சஸ்()ஸே மறுத்திருக்குமே? என்எஃப்எஸ் 3இல் (1995) இருந்து அந்தக் கேள்வி சர்வருக்கே போகிறது. பழைய 2இல்தான் க்ளையன்ட் தானாகக் கணக்குப் போட்டது. எனக்கு செட்யூஐடி (புரோகிராம் அதன் சொந்தக்காரர் உரிமையில் ஓடுவது) மேல்தான் சந்தேகம். ஆக்சஸ்() பார்ப்பது ரியல் யூஐடி (ஓட்டுபவர்), ஃபைலைத் திறக்கும்போது பார்ப்பது எஃபெக்டிவ் யூஐடி (யார் உரிமையில் ஓடுகிறதோ அவர்). ஃபேக்சஸ்அட்()டில் ஏடி_ஈஆக்சஸ் கொடுத்துப் பாருங்க, அது எஃபெக்டிவ் யூஐடியை வைத்தே சொல்லும்.

பழைய_கை:
மேன் பக்கம் (லினக்ஸ் கையேடு) படிக்கிற பழக்கமே போய்விட்டது. ஆக்சஸ்()ஸுக்கும் திறப்பதற்கும் நடுவில் உரிமை மாறலாம், அதில் பாதுகாப்பு ஓட்டையும் உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நேராகத் திற, வராவிட்டால் எர்னோவைப் பார். இதற்கு ஓர் இழையா?

சென்னிமலை_தறி:
ஐயா, மூன்று மணி நேரம் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் எழுத முடியாது என்றால் யாருக்கு நஷ்டம்? முன்கூட்டியே பார்ப்பதில் என்ன தப்பு?

பழைய_கை:
பாருங்கள், ஆனால் திறந்து பாருங்கள். தற்காலிக ஃபைலை முதலிலேயே உருவாக்கி அதில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்தால் ஆயிற்று.

கோபி_லினக்ஸ்:
திறந்துவிட்டால் மட்டும் எழுதியாகிவிடுமா? என்எஃப்எஸ்ஸில் டிஸ்க் நிரம்பியது க்ளோஸ்() வரும்போதுகூடத் தெரியவரும். எஃப்க்ளோஸ்() என்ன தருகிறது என்று இங்கே எத்தனை பேர் பார்க்கிறீர்கள்?

பழைய_கை:
நான் பார்க்கிறேன்.

பின்னல்_பையன்:
13 தாங்க. சாதா யூசர், செட்யூஐடி இல்லை. சர்வர் ஃபோல்டரை எப்படி இணைத்திருக்கிறது என்று பார்க்க மவுண்ட் என்று அடித்தால் சிஃப்ஸ் (விண்டோஸ் ஃபைல் பகிர்வு), ஃபைல்_மோட்=0777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) என்று காட்டுகிறது. சர்வர் விண்டோஸ்.

நொய்யல்கரை:
அட, இது என்எஃப்எஸ்ஸே இல்லையா! அந்த 0777 நீங்கள் மவுண்ட் செய்யும்போது கொடுத்தது. சர்வர் சொன்னதல்ல. ஆக்சஸ்() அதை மட்டும் பார்த்து 0 சொல்கிறது, சர்வரைக் கேட்பதே இல்லை. திறக்கும்போதுதான் கேள்வி அங்கே போகிறது, அதுவும் மவுண்ட்டில் கொடுத்த யூசர்நேம் பேரில். லினக்ஸில் உரிமையை மாற்றும் சிஎச்மோட் 777 அடித்துப் பிரயோஜனமில்லை. விண்டோஸில் ஷேர் உரிமை, ஃபோல்டர் உரிமை இரண்டையும் பாருங்க. ரெண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

கோபி_லினக்ஸ்:
சிஃப்ஸிலும் நோபர்ம் போட்டால்...

நொய்யல்கரை:
அது க்ளையன்ட் பக்கச் சோதனையை எடுத்துவிடும், அவ்வளவுதான். இன்னும் தாராளமாகப் பொய் சொல்லும்.

பின்னல்_பையன்:
ஷேரில் ரீட் மட்டும் இருந்ததுங்க. மாத்தியாச்சு, ஓடுது. ஆக்சஸ்() வரியையும் தூக்கிட்டேன். நன்றிங்க.

சென்னிமலை_தறி:
எஃப்க்ளோஸ்()ஸையும் பாருங்க தம்பி.