நெட்வொர்க் ஆட்டோமேஷன்: எங்கிருந்து தொடங்குவது? வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்விக் குழுமத்தின் நெட்வொர்க்கைப் பராமரிக்கிறேன். அஸ்தம்பட்டி, சூரமங்கலம், ஏற்காடு என்று வளாகங்கள் பிரிந்து கிடக்கின்றன. சிஸ்கோ, ஜூனிபர், மைக்ரோடிக் கருவிகள் கலந்திருக்கின்றன. ஒரு விலான் (VLAN, நெட்வொர்க்குக்குள் பிரிக்கப்படும் தனிப் பகுதி) சேர்ப்பதென்றாலும் ஒவ்வொரு சுவிட்சிலும் எஸ்எஸ்எச் (SSH, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியே நுழைந்து கையால் தட்டச்சு செய்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும்.

பைத்தான் ஓரளவு தெரியும். முதலில் எதையும் மாற்றாமல், நெட்மிகோ என்ற பைத்தான் நிரல்தொகுப்பு மூலம் இரவுதோறும் எல்லாக் கருவிகளின் கான்ஃபிகரேஷனையும் எடுத்து மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் சேமிப்பதுதான் சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த வரி மாறியது என்பதாவது தெரியும். அதன் பிறகு மாற்றங்களைத் தானியங்கியாகச் செய்ய எந்த மென்பொருள்: ஆன்சிபிளா, நார்னிரா? எங்கள் பழைய சுவிட்சுகளில் நெட்கான்ஃப் (NETCONF, கருவிகளை நிரல் மூலம் அமைப்பதற்கான நெறிமுறை) கிடையாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

என் பெரிய கவலை ஏற்காடுதான். தவறான கட்டளை ஒன்று இணைப்பை அறுத்துவிட்டால், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போய் கன்சோல் கேபிளைச் செருகினால்தான் உயிர் வரும்; மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. ஜூனிபரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் உறுதிசெய்யாதபோது பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடுகிறது. மைக்ரோடிக்கில், இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் தானே திரும்பப் பெறும் சேஃப் மோடு இருக்கிறது. பழைய சிஸ்கோ சுவிட்சுகளில் ‘ரீலோடு இன்’ கட்டளையை (குறித்த நேரம் கழித்து சுவிட்சை மறுதொடக்கம் செய்து, சேமிக்காத மாற்றங்களை நீக்கிவிடுவது) ஸ்கிரிப்டுக்குள் வைத்து யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள். ஜிஎன்எஸ்3 (GNS3) என்ற நெட்வொர்க் மாதிரி மென்பொருளில் ஒத்திகை பார்த்த பிறகே உண்மையான கருவிகளைத் தொடுவேன்.