அடப்பு தொடல்லே!

வாளையார்வாசி:
கஞ்சிக்கோடு பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்தபோது நடந்தது. பாலிமர் உருவாவதைச் சாயத்தின் ஒளிர்வை வைத்துக் கவனிப்பதுதான் வேலை. குவார்ட்ஸ் செல்லில் எம்எம்ஏ (சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலிமர் ஆகும் சிறு மூலக்கூறு, அதாவது மோனோமர்), வினையைக் கிளப்பிவிடக் கொஞ்சம் ஏஐபிஎன், 70 டிகிரி, சுற்றிலும் இறுகினால் ஒளிரும் ரோட்டார் சாயம் டிசிவிஜே. நைட்ரஜன் ஊதி, மூடி, ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டரில் வைத்தாயிற்று. 500 நானோமீட்டர் பக்கம் ஒளிர்வுக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அரை மணி, முக்கால் மணி. பொறுக்காமல் செல்லின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரியே இருந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். மூடியைத் தொடாதே என்று லேப் சேட்டன் மலையாளத்தில் கத்தியேவிட்டார்: "அடப்பு தொடல்லே மோளே!" ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜனை உள்ளே விட்டு, சங்கிலியை வளர்க்கும் ரேடிக்கல்களை நானே கொன்றுகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் புதிதாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் தாண்டிக் கோடு லேசாக நிமிர்ந்தது, அப்புறம் சுவர் ஏறுவதுபோல் ஏறியது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த காந்த மணி தடுமாறி, அப்படியே நின்றுபோனது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வினை அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது!

களியக்காவிளை:
தொடங்கவில்லை தங்கச்சி. அதற்கு முன்பே மோனோமர் தீர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். ரோட்டார் மோனோமரை எண்ணாது. தான் முறுக்கிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இளகலாக இருந்தால் முறுக்கிக்கொண்டு சக்தியை வெப்பமாக விட்டுவிடும், இறுகினால் ஒளிரும். நீங்கள் பார்த்தது ஜெல் விளைவு. கெட்டியானதும் சங்கிலி முனைகள் ஒன்றையொன்று எட்டி முடிந்துகொள்ள முடியாமல் வளர்ந்துகொண்டே போகும், வேகம் எகிறும். நான் பைரீன் என்ற வேறொரு ஒளிரும் பொருளைப் போட்டுப் பார்த்தவன். அதில் தலைகீழ்: இரண்டு பைரீன்கள் ஜோடி சேர்ந்து ஒளிர்வதால் 475 பக்கம் வரும் எக்சைமர் மேடு இறுக இறுக இறங்கும். விளக்குதான் போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். பாதி வினையில்.

கும்மிடிப்பூண்டி:
தடாவில் ஒரு பசைக் கம்பெனியில் இருந்தேன், எபாக்சியில் இதே கூத்து. சரி, சொல்கிறேன் கேளுங்கள். சாயத்தை அள்ளிப் போடாதீர்கள், தன் ஒளியைத் தானே விழுங்கும். விளக்கின் ஷட்டரை அளக்கும் நொடிக்கு மட்டும் திறங்கள், இல்லாவிட்டால் சாயம் வெளுத்துக் கோடு சரியும். வினை சூடு கிளப்பினால் ரோட்டார் மங்கும், அதனால் வெப்பநிலையையும் கூடவே பதியுங்கள். ஒரே உச்சத்தை நம்பாமல் இரண்டு அலைநீளங்களின் விகிதம் எடுத்தால் விளக்கின் ஆட்டம் கழிந்துவிடும். கன்வர்ஷன், அதாவது எவ்வளவு மோனோமர் மாறியது என்ற கணக்கு வேண்டுமென்றால் ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) இரட்டைப் பிணைப்பையும் பார்த்து ஒப்பிடுங்கள். அடுத்த தடவை...

வாளையார்வாசி:
அண்ணா, புராஜெக்ட் முடிந்து 6 வருஷம் ஆயிற்று. அந்தக் குவார்ட்ஸ் செல்லைக் குளோரோஃபார்மில் 2 நாள் ஊறப்போட்டுத்தான் மணியை எடுத்தேன். பார்க்கும்போதெல்லாம் கைடு இன்னும் அந்தச் செல்லைத்தான் கேட்கிறார்.