டிவோலியின் பூசணிக் குவிமாடம்: வரைந்தது ஹேட்ரியனா?

செங்கல்சூளை: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ரோமுக்குப் பக்கத்தில் டிவோலியில் இருக்கும் ஹேட்ரியன் மாளிகை முழுவதையும் அந்த ரோமப் பேரரசரே வரைந்தார், பூசணிக் கதையே சாட்சி" என்கிறார். சுமார் 120 ஹெக்டேர் வளாகம் ஐயா அது! 21 ஆண்டு ஆட்சியில் பாதிக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றியவர் எப்போது உட்கார்ந்து வரைந்தார்?

வட்டத்தீவு: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். முந்தைய பேரரசர் டிராஜன் தன் கட்டடக் கலைஞர் அப்பொல்லோடோரஸுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஹேட்ரியன் குறுக்கே பேசினார். "போய் உன் பூசணிக்காயை வரை, இதெல்லாம் உனக்குப் புரியாது" என்று அப்பொல்லோடோரஸ் விரட்டியதை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதி வைத்திருக்கிறார். மாளிகையில் பியாட்சா தோரோ என்ற பகுதியின் வாசல் மண்டபத்தைப் பாருங்கள், எட்டுச் சுளையாக எழும்பும் குவிமாடம். அது பூசணி இல்லாமல் வேறென்ன?

செங்கல்சூளை: டியோ எழுதியது நூறு ஆண்டு கழித்து. அந்த இடத்தில் அவர் குவிமாடம் பற்றியும் பேசவில்லை, டிவோலி பற்றியும் பேசவில்லை. பணிக்காலம் முழுக்க சைட்டில் நின்றவன் சொல்கிறேன். சுளை வைத்த குவிமாடத்துக்கு ஒவ்வொரு சுளைக்கும் தனித்தனியாகப் பலகை வளைத்துச் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். இரண்டு சுளை சேரும் மடிப்பில் பலகை ஒரு விரல் நகர்ந்தாலும் கான்கிரீட் அப்படியே கோணலாக இறுகிவிடும். அதைத் தீர்த்தவன் தச்சன். பேர் மட்டும் ராஜாவுக்கா?

கலைக்கண்: சார், சென்ட்ரிங் பற்றி இங்கே யார் கேட்டார்கள்? அந்த மாளிகையின் கனோபஸ் என்ற குளத்தின் கரையில் ஏதென்ஸ் எரெக்தியம் கோயிலின் பெண் தூண்களைப் பார்த்துச் செதுக்கிய சிலைகள், கூடவே ஒரு கல் முதலை. இன்னொரு பக்கம் அந்தப் புறா மொசைக்: கிண்ண விளிம்பில் நான்கு புறாக்கள், ஒன்று மட்டும் குனிந்து தண்ணீர் குடிக்கிறது. கிரேக்கத்தையும் எகிப்தையும் இப்படி ஒரே தோட்டத்தில் சேர்த்த ரசனை யாருடையது?

செங்கல்சூளை: ரசனை இருந்தால் இன்ஜினியர் ஆகிவிடலாமா அம்மா? அங்கே கிடைத்த செங்கற்களில் நிறைய கி.பி. 123ஆம் ஆண்டு முத்திரை. அந்த வருடம் ஹேட்ரியன் கிழக்கு மாகாணங்களில் இருந்தார். இதற்கும் பூசணிதான் பதிலா?

வட்டத்தீவு: ஏன், வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா? பூசணி பூசணிதான்.

செங்கல்சூளை: நீரோவின் பொன்மாளிகையில் எண்கோண அறைக்குக் குவிமாடம் போட்டது ஹேட்ரியன் பிறப்பதற்கு முன்பே. அதையும் கருவிலிருந்து வரைந்தார் என்பீர்களோ?

வட்டத்தீவு: அதில் சுளை கிடையாது. ரோமின் பாந்தியன் கோயில் பற்றிய விவாதத்திலும் இதையே செய்தீர்கள். பதில் இல்லையென்றால் உடனே வேறு கட்டடத்துக்குத் தாவுவது.

செங்கல்சூளை: பாந்தியன் விவாதத்தைப் பாதியில் விட்டு ஓடியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஊர்சுற்றி: நேரில் போய் வந்தவன் என்ற முறையில் ஒன்று. கரையில் இப்போது நிற்கும் பெண் தூண்கள் நகல் வார்ப்புகள், தோண்டியெடுத்தவை உள்ளே அருங்காட்சியகத்தில். நல்லதையெல்லாம் வெளியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வட்டெறிபவன் சிலைகூட இங்கே கிடைத்ததுதான். தலையைத் தப்பான பக்கம் பார்க்க ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதற்கு யாருக்கும் கோபம் வரவில்லை, பூசணிக்கு வருகிறது.

கலைக்கண்: அள்ளியதை ஆங்கிலேயர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பக்கத்திலேயே வில்லா தெஸ்தே மாளிகையைக் கட்டிய கார்டினல் இப்போலிதோ 16ஆம் நூற்றாண்டிலேயே சிலைகளை எடுத்துப் போனார்.

ஊர்சுற்றி: உள்ளூர்க்காரர் எடுத்தால் கொள்ளை இல்லையா?

கலைக்கண்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒழுங்காகப் படியுங்கள்.

செங்கல்சூளை: கொள்ளைக் கதையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தீவு, டியோ குவிமாடம் என்று சொன்ன வரி எங்கே?

வட்டத்தீவு: முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவருக்கு எந்த வரியைக் காட்டி என்ன?

செங்கல்சூளை: வரி எங்கே என்று கேட்டேன்.