பரபரப்பு இல்லாமல் வாசகரை நிறுத்தும் தலைப்பை எப்படி எழுதுவது?

ஒட்டுசுட்டான் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் முகநூல் பக்கத்தை நான் கவனித்து வருகிறேன். உறுப்பினர்கள் செய்யும் மோர்மிளகாய், வறுத்த கச்சான், ஒடியல் மா, பருவத்தில் கிடைக்கும் தேன் ஆகியவற்றின் விற்பனை அறிவித்தல்களும், மருத்துவ முகாம், கமநல சேவை நிலையத்தின் உர விநியோகம், பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் கருத்தரங்கு போன்ற ஊர்ச் செய்திகளும் அதில் வெளிவருகின்றன. அண்மையில் இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்று பற்றி உரிய காலத்தில் பதிவிட்டிருந்தும், முகாம் முடிந்த பின்னர், "எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்று பலர் ஆதங்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் எங்கள் பக்கத்தைத் தொடர்பவர்கள். அந்தப் பதிவு, "முக்கிய அறிவித்தல்! அன்பார்ந்த உறவுகளே, எதிர்வரும் சனிக்கிழமை எமது சங்கத்தின் ஏற்பாட்டில்..." என்று தொடங்கியது.

சங்கத்தின் இளையவர்கள், "சற்றுமுன் ஒட்டுசுட்டானில் நடந்த சம்பவம்", "வெளியானது அதிர்ச்சித் தகவல்" என்ற பாணியில் எழுதினால்தான் ஆட்கள் அழுத்திப் பார்ப்பார்கள் என்கிறார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் அப்படியொரு வரியைப் பார்த்துப் பதறி நள்ளிரவில் தாய்க்குத் தொலைபேசி எடுப்பதை நாங்கள் அறிவோம் என்பதால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொய்யோ பதற்றமோ இல்லாமல், அதேவேளை கண்ணில் படும்படியாகத் தலைப்பு எழுதும் வழியை அறிந்தவர்கள் கூறுவீர்களா?

பரந்தன், முன்னாள் உதவி ஆசிரியர்:

தங்கச்சி, நீங்கள் உடன்படாதது மிகச் சரி. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கண் பரிசோதனைப் பதிவை எடுத்துக்கொள்வோம்.

முகநூல் பதிவுக்குப் பத்திரிகையைப் போலத் தலைப்புக்கென்று தனி இடம் கிடையாது. கைத்தொலைபேசித் திரையில் முதலில் தெரியும் ஓரிரு வரிகளே தலைப்பு. மிகுதியெல்லாம் "மேலும் பார்க்க" என்பதற்குள் மறைந்துவிடும். உங்கள் பதிவில் அந்த இடம் முழுவதையும் "முக்கிய அறிவித்தல்" என்ற சொற்களும் விளிப்பும் சங்கத்தைப் பற்றிய குறிப்பும் எடுத்துக்கொண்டுவிட்டன. கண் என்ற சொல் மறைவுக்குள் போய்விட்டது. தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வருவதாலும், நாங்கள் அதற்கு முன்னால் காரணங்களையும் அடைமொழிகளையும் அடுக்கும் பழக்கம் உள்ளவர்களாக இருப்பதாலும், முக்கியமான செய்தி எப்போதும் வரியின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுகிறீர்களா? இலவசக் கண் பரிசோதனை, சனி காலை 8 மணி, பொதுநோக்கு மண்டபம்."

நாற்பது வயதை அண்டியவர்களுக்குக் கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கும் திறன் குறைவது இயல்பு. தைப்பவரும் அரிசியில் கல் பொறுக்குபவரும் அதைத் தினமும் உணர்கிறார்கள். "கண் பரிசோதனை முகாம்" என்ற பெயர் அவர்களுக்குத் தங்களைப் பற்றியதாகத் தோன்றாமல் போகலாம்; ஊசியும் நூலும் அப்படிப் போகாது.

இந்தக் கேள்விக்கும் "நடந்தது என்ன?" என்ற கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் இளையவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். முதலாவது கேள்விக்கான விடை வாசகரிடமே இருக்கிறது. அவர் தம்மைப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு மேலே போகலாம். இரண்டாவது கேள்விக்கான விடையை எழுதியவர் வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார். கேள்வித் தலைப்பு எழுதும்போதெல்லாம் விடை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே நேர்மையானது எது, தூண்டில் எது என்பது தெரிந்துவிடும்.

மழைக்கால அறிவித்தல்களில் இந்தத் தலைப்பு விடயம் உயிர் சம்பந்தப்பட்டது. "இரணைமடுக் குளத்தின் நீரேந்து பகுதிகளில் பெய்துவரும் கன மழை காரணமாக நீர்மட்டம் அதிகரித்துள்ளதால், தாழ்நிலப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு..." என்று தொடங்கும் பதிவில், யார் எழும்பிப் போக வேண்டும் என்பது முதல் வரியில் இல்லை. "பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை மக்களுக்கு: இரணைமடு வான்கதவுகள் இன்று மாலை 4 மணிக்குத் திறக்கப்படும்" என்று எழுதினால், தன் ஊரின் பெயரைக் கண்டவர் நிச்சயம் நிற்பார். வாசகரை நிறுத்துவதற்கு ஊர்ப் பெயரைவிட வலிமையான சொல் எனக்குத் தெரிந்தவரை இல்லை. அதனால்தான் பரபரப்புத் தளங்களும் "வன்னியில்", "கிளிநொச்சியில்" என்று தொடங்குகின்றன. ஆனால் அவை ஊரைச் சொல்லிவிட்டுச் செய்தியை ஒளிக்கின்றன.

வவுனியா, இணைய விளம்பரத் துறையில் பணிபுரிபவர்:

ஐயா சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன், அக்கா.

தகவலை ஒளிக்கும் தலைப்புகளையும் மிகைப்படுத்தும் தலைப்புகளையும் கீழே தள்ளும் ஏற்பாட்டைப் பேஸ்புக் நிறுவனம் 2016 ஓகஸ்டில் அறிவித்தது. 2017 மே மாதத்தில் அதை ஆங்கிலம் தவிர்ந்த வேறு மொழிகளுக்கும் விரிவாக்கத் தொடங்கியது. "பிடித்திருந்தால் லைக் போடுங்கள்", "ஐந்து நண்பர்களை டேக் செய்யுங்கள்" என்று கேட்டு வாங்கும் பதிவுகளைப் பின்தள்ளுவதாக 2017 டிசெம்பரில் அறிவித்தது. ஆகவே இளையவர்கள் சொல்லும் பாணி அறத்துக்கு மட்டுமன்றிக் கணக்குக்கும் ஒத்துவராது. ஒருமுறை ஏமாந்து அழுத்தியவர் உடனே திரும்பிப் போய்விடுவார். அடுத்த முறை உங்கள் பக்கத்தின் பெயரைக் கண்டதும் தாண்டிச் செல்வார். சிறிய ஊர்ப் பக்கத்துக்கு அந்த இழப்பு பெரியது, ஏனென்றால் உங்கள் வாசகர்கள் புதிது புதிதாக வருவதில்லை.

யூடியூப் தலைப்புக்கு எல்லை 100 குறிகள் (characters). தமிழில் "நெல்" என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது நான்கு குறி, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்துக்கு 160 குறிகள் கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 70 மட்டுமே. எனவே நமக்குச் சுருக்கம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியே பதிவிடுங்கள்.

முழு அறிவித்தலையும் ஒரே படத்துக்குள் பொறித்துவிட்டு மேலே எதுவும் எழுதாமல் விடும் வழக்கமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. சிறிய திரையில் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவரின் தொலைபேசியும் அதை உரக்க வாசித்துக் காட்டுவது கடினம். தலைப்பைப் படத்துக்கு வெளியே எழுத்தாகவே வையுங்கள்.

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை:

உதவி ஆசிரியர் தந்த வான்கதவு உதாரணத்தில் ஒரு திருத்தம் வேண்டும். "இன்று மாலை", "நாளை காலை" என்று எழுதிய பதிவு இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படும்போது பொய்யாகிவிடுகிறது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை நேரில் கண்ட எவரும், மழைக்காலத்தில் திகதியற்ற ஒரு வரி என்ன அச்சத்தை விளைவிக்கும் என்பதை அறிவார்கள். திகதியையும் கிழமையையும் தலைப்பிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. "காணாமல் போனோர் தொடர்பில் வெளியான முக்கிய தகவல்" என்ற வரியைக் கண்டால், எங்கள் ஊர்த் தாய்மார் ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் பெயர் அதற்குள் இருக்குமோ என்று தேடுவார்கள். உள்ளே ஒரு கூட்டத்தின் அறிக்கை மட்டும் இருந்தால், அந்தத் தாய்க்குச் செய்யப்பட்டது கொடுமை. இத்தகைய செய்திகளில் "கூட்டம் நடைபெற்றது", "மனு கையளிக்கப்பட்டது" என்று நடந்ததை மட்டும் வெறுமையாக எழுதுங்கள், மகளே. குறைந்த பேர் பார்த்தாலும் பரவாயில்லை.

ஒட்டுசுட்டான் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா கூறியதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவிருக்கிறேன். விற்பனைப் பதிவுகளுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்தித் தாருங்கள்.

"மணலில் வறுத்த முத்தையன்கட்டுக் கச்சான்: விலைக்கு இன்பொக்ஸ் வரவும்."

"சுவையும் தரமும் நிறைந்த வன்னித் தேன் விற்பனைக்கு உண்டு."

பரந்தன், முன்னாள் உதவி ஆசிரியர்:

கச்சானின் முற்பாதி மிக நன்று. மணலும் ஊரும் வாசனையையே கொண்டுவருகின்றன. பிற்பாதியில் நீங்களும் விடையை ஒளிக்கும் பக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள். விலையை அங்கேயே எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு விலகிப் போகிறவர்கள் பலர், குறிப்பாகக் குறைந்த வருமானத்தில் வாழ்பவர்கள்.

தேனுக்கு "சுவையும் தரமும் நிறைந்த" என்பதை நீக்குங்கள். எல்லா விற்பனையாளரும் அதையே சொல்வதால் அது எவர் காதிலும் விழாது. எந்தக் காட்டுப் பக்கத்தில் எடுத்தது, எந்த மாதம் எடுத்தது, போத்தலின் அளவு என்ன, விலை என்ன என்ற நான்கையும் உறுப்பினரிடம் கேட்டு எழுதுங்கள். மாதம் தெரியாத தேனை விற்பனைக்கு இருப்பதாக மட்டும் எழுதுங்கள். புதுத்தேன் என்று போட வேண்டாம்.