பின் அச்சுக்கு லாக்கர் போட நல்ல மெக்கானிக் தேவை

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறேன். வண்டி மஹிந்திரா எம்எம் 540 ஜீப், ஃபோர் வீல் டிரைவ். மன்னவனூர், கிளாவரைப் பக்கம் தோட்டத்துப் பாதைகளில் ஓட்டுவதுதான் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமே. மழை பெய்துவிட்டால் களிமண் ஏற்றத்தில் ஒரு பின் சக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. மண்ணில் பதிந்திருக்கும் மற்றது அசைவதே இல்லை. லோ கியரிலும் இதே கதைதான். அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் சாதா டிஃபரன்ஷியல் அப்படித்தான், பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். அதனால்தான் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிச் சுற்றவைக்கும் லாக்கர் போட நினைக்கிறேன்.

வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் பக்கம் கிரவுன் பினியன் (அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) இடைவெளியை டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்து செட் பண்ணுபவர் யாராவது தெரியுமா? கைக்கணக்கில் செய்பவர் வேண்டாம், பல் போய்விடும். அப்புறம், தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் போட்டவர்கள், ஈரமான கொண்டை ஊசி வளைவில் வண்டி எப்படித் திரும்புகிறது என்று சொல்லுங்கள். தார் ரோட்டில் போகும்போது வண்டியில் குழந்தைகளும் இருப்பார்கள். உயரம் கூட்டுவது, பெரிய டயர் எதுவும் வேண்டாம். ஆர்சியில் உள்ளபடியே இருக்கட்டும்.