கொலராடோ வில் சீசனில் கிராஸ்போ: டாக்டர் சான்று பற்றி உதவி தேவை

போன குளிர்காலத்தில் வலது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. இன்னும் வில்லை முழுதாக இழுக்க முடியவில்லை. என்னுடையது 60 பவுண்டு இழுவை உள்ள காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது, முழுதாக இழுத்ததும் பாரம் குறைந்துவிடும்). செப்டம்பர் வில் சீசனில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடுவதற்கான லைசென்ஸ் கையில் இருக்கிறது.

இழுவையைக் குறைத்துப் பார்த்தேன். பாரம் விடுபடும் இடத்துக்குச் சற்று முன்னால் தோள் பூட்டிக்கொள்கிறது, கை நடுங்கி அம்பு அதைத் தாங்கும் ரெஸ்டிலிருந்து நழுவுகிறது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 35 பவுண்டு. அதற்கு இறக்கினால் இழுக்க வருகிறது, ஆனால் அவ்வளவு பெரிய விலங்கைக் காயத்தோடு ஓடவிட மனசு வராது. இடது கையால் பழகினேன், குறி நிற்கவில்லை. பிசியோதெரபியும் தொடர்கிறது.

கிராங்க் கைப்பிடியைச் சுழற்றி நாணேற்றி, துப்பாக்கி போல் பிடித்து எய்யும் கிராஸ்போ தோளுக்கு ஒத்துவருகிறது. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் வில் சீசனிலேயே அதற்கு அனுமதி உண்டு. இங்கே கொலராடோவில் துப்பாக்கி சீசனில்தான். வில் சீசனில் வேண்டுமென்றால் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான சலுகை பெர்மிட் வேண்டும். துப்பாக்கி சீசனுக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஆண் எல்க் கூவும் செப்டம்பர் காட்டை விட எனக்கு மனமில்லை. என் டாக்டருக்கோ இந்தப் படிவம் புதிது, என்ன எழுதுவதென்று என்னையே கேட்கிறார்.

தோள் காயத்துக்காக கொலராடோவில் இந்த பெர்மிட் வாங்கியவர்கள் இருந்தால், உங்கள் டாக்டர் குறைபாட்டை எப்படி எழுதிக் கொடுத்தார்?